ஒரே தீவு, இரண்டு சிசிலி

"அத்தை, சிசிலி ஒரே தீவுதானே? அப்புறம் எப்படி 'இரு சிசிலிகளின் அரசு'ன்னு போட்டிருக்கு?"

என் அண்ணன் மகள் முதுகலை வரலாறு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நோட்டும் கையுமாக வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டாள். சிசிலியை ஆண்ட அரசர்களின் பட்டியலைப் பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தாள். ஒரு கட்டத்தில் பெயர், இன்னொரு கட்டத்தில் ஆண்டு. மூன்று வில்லியம், இரண்டு மார்ட்டின். ஃப்ரெடரிக் என்று மூன்று பேர்தான், ஆனால் எண் நான்காம் ஃப்ரெடரிக் வரை போகிறது. 1282க்குப் பிறகு ஒரே சமயத்தில் இரண்டு பேர் தங்களைச் சிசிலி அரசர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். "எத்தனை தடவை படிச்சாலும் மனசுல நிக்கமாட்டேங்குது" என்றாள்.

எப்படி நிற்கும்? பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொள்ள ஒரு கதை வேண்டும், கதையைத் தொடங்க ஒரு கேள்வி வேண்டும். கேள்வியை அவளே கொண்டுவந்துவிட்டாள். ஒரு தீவு எப்படி இரண்டானது என்பதைப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஏழு நூற்றாண்டு அரசர்களும் அவரவர் இடத்தில் வந்து நிற்பார்கள். டீயை வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, வரைபடத்தை விரித்தேன்.

முதலில் தீவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடலின் நட்டநடுவில். இத்தாலியிலிருந்து அதைப் பிரிக்கும் மெசினா நீரிணை, குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். தென்மேற்கே ஆப்பிரிக்கக் கரையான துனீசியா ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்கே போகும் கப்பல் எதுவும் இந்தத் தீவுக்கு மேலேயோ கீழேயோதான் போக வேண்டும். அதனால் கடலில் பலம் பெற்றவர் யாரும் சிசிலியை விட்டுவைத்ததில்லை. கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமானியர், பைசாந்தியர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். 827இல் அரபுப் படை வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கியது. 831இல் பலெர்மோ அவர்கள் கைக்குப் போய், தீவின் தலைநகரானது. எலுமிச்சையும் கரும்பும் கசப்பு ஆரஞ்சும் அவர்களோடு வந்தன. ஆரஞ்சுக்கு அரபியில் நாரஞ்ச். அந்தச் சொல்லின் வேர் நம் நாரத்தை வரை வருகிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

பட்டியலின் முதல் பெயர்களான நார்மன்கள் வந்தது இதற்குப் பிறகு. வட பிரான்சின் நார்மண்டியில் ஹோட்வில் என்ற சிறு ஊரின் பிரபு டாங்க்ரெட். அவருக்குப் பன்னிரண்டு மகன்கள், நிலமோ கொஞ்சம். பிள்ளைகள் வாளை எடுத்துக்கொண்டு தென் இத்தாலிக்குக் கூலிப்படை வீரர்களாகப் போனார்கள். போன இடத்தில் சண்டைக்கு ஆள் தேவைப்பட்டது. சண்டை போட்ட இடமெல்லாம் மெல்ல மெல்ல அவர்களுக்கே சொந்தமானது. கடைசித் தம்பி ரோஜர் 1061இல் நீரிணையைக் கடந்து சிசிலிக்குள் நுழைந்தார். 1072இல் பலெர்மோ விழுந்தது. தென்கிழக்கில் இருந்த நோட்டோ கடைசியாகப் பணிந்தது 1091இல். தீவைப் பிடித்து முடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

வென்றவர்கள் ஒரு கைப்பிடி. தோற்றவர்களோ லட்சக்கணக்கில்: அரபு பேசும் முஸ்லிம்கள், கிரேக்கம் பேசும் கிறித்தவர்கள், நெடுங்காலமாக இருந்துவந்த யூதர்கள். வரி வசூலும் நிலக் கணக்கும் அரபியில் இருந்தன. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்களைத் துரத்திவிட்டால் நாளைக்கு வரி வராது. நார்மன்கள் அலுவலகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நிலக் கணக்கு அலுவலகத்துக்கு திவான் என்றே பெயர். புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் திவான்களைக் கண்ட நமக்கு அது அந்நியச் சொல் அல்ல. அமீர் என்ற அரபுப் பட்டத்தைச் சிசிலி அரசர்கள் தங்கள் பெரிய அதிகாரிகளுக்கும் கடற்படைத் தலைவர்களுக்கும் கொடுத்தார்கள். அது ஐரோப்பிய மொழிகளுக்குள் போய் அட்மிரல் ஆனது.

அந்த ரோஜரின் மகன் இரண்டாம் ரோஜர். இவர்தான் பட்டியலின் முதல் அரசர். அப்பாவுக்குக் கோமகன் பட்டம் மட்டுமே இருந்தது. ரோமில் இரண்டு பேர் 'நானே போப்' என்று மோதிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களில் அனக்ளீட்டஸ் என்பவரை ரோஜர் ஆதரித்தார். பதிலுக்கு அவர் மகுடத்துக்கு அனுமதி தந்தார். 1130 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூட்டு விழா நடந்தது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரோஜரின் அரசு தீவோடு நிற்கவில்லை. நேப்பிள்ஸ் உள்ளிட்ட இத்தாலியின் தென்பாதியும் சில ஆண்டுகளில் அதற்குள் வந்தது. மொத்தத்துக்கும் பெயர் சிசிலி அரசு. பின்னால் வரும் குழப்பத்துக்கு விதை இதுதான்.

"அப்போ சிசிலின்னா தீவு மட்டும் இல்ல, அந்த மொத்த ராஜ்ஜியமும்" என்றாள். அவ்வளவுதான். பாதி விடை அவளுக்கே வந்துவிட்டது.

இந்த ரோஜரின் காலத்தை வேகமாகக் கடந்துபோக எனக்கு மனம் வராது. அவருக்காகப் பலெர்மோ அரண்மனைப் பட்டறையில் 1133–34இல் செய்த பட்டு மேலாடை வியன்னாவில் இன்றும் இருக்கிறது. சிவப்புப் பட்டில் பொன்னிழையும் முத்தும் வைத்த வேலைப்பாடு. நடுவில் ஒரு மரம், அதன் இருபுறமும் ஒரு சிங்கம் ஒட்டகத்தை அடித்து வீழ்த்துகிறது. கீழ் விளிம்பு முழுக்கக் கூஃபி எழுத்தில் அரபு வாசகம். செய்த ஆண்டு ஹிஜ்ரி 528 என்று அதிலேயே இருக்கிறது. ஒரு கிறித்தவ அரசரின் ஆடையில் இஸ்லாமிய ஆண்டு! பிற்காலத்தில் ஜெர்மானியப் பேரரசர்கள் தங்கள் முடிசூட்டு விழாவுக்கே இதைத்தான் போர்த்திக்கொண்டார்கள். இதே ரோஜரின் அவையில்தான் அல்-இத்ரீசி என்ற அரபு அறிஞர் உலக வரைபடமும் அதற்கு விளக்க நூலும் செய்து 1154இல் முடித்தார். தெற்கு மேலே இருக்கும் வரைபடம் அது. ரோஜர் இறந்ததும் அதே ஆண்டில்.

இன்னொன்று, இதைவிடச் சிறியது. பலெர்மோவின் ஸீசா மாளிகை அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைப் பலகை இருக்கிறது. அரண்மனைப் பாதிரியார் கிரிசாந்துஸ் தன் தாய் அன்னாவுக்காக வைத்த கல். நடுவில் வட்டத்துக்குள் ஒரு சிலுவை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு வாசகங்கள். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு. மேலே இருப்பது எபிரேய எழுத்து, ஆனால் மொழி அரபு. அந்த ஊர் யூதர்கள் அப்படித்தான் எழுதினார்கள். இறந்த ஆண்டு லத்தீனில் 1148. கிரேக்கத்தில் உலகம் படைக்கப்பட்டது முதல் எண்ணி 6656. அரபில் ஹிஜ்ரி 543. எபிரேய எழுத்தில் யூதக் கணக்குப்படி 4908. ஒரு தாயின் மரணம், நான்கு காலக்கணக்கு. அந்தப் பக்கம் நடந்துபோகிறவர் யாராக இருந்தாலும் தன் எழுத்தில், தன் ஆண்டில் அவளை அறிந்துகொள்ளட்டும் என்று ஒரு மகன் நினைத்திருக்கிறான். படிக்க அத்தனை வகை மனிதர்கள் அந்தத் தெருவில் இருந்திருக்கிறார்கள்.

அது பொற்காலம் என்று சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. 1161இல் பிரபுக்களின் கலகத்தின்போது பலெர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1184 கடைசியில் ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் உடைந்து இங்கே கரையேறிய இப்னு ஜுபைர் என்ற பயணி இரண்டு பக்கத்தையும் எழுதிவைத்தார். அரசர் இரண்டாம் வில்லியம் அரபு படிப்பார், எழுதுவார். கிறிஸ்துமஸ் அன்று கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப்போல உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். ஆனால் அரண்மனை முஸ்லிம் ஊழியர்கள் தங்கள் தொழுகையை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சேர்ந்து வாழ்ந்ததும் உண்மை, அச்சமும் உண்மை.

வில்லியம் 1189இல் பிள்ளையில்லாமல் இறந்தார். மிஞ்சிய வாரிசு அவருடைய அத்தை கான்ஸ்டன்ஸ். இரண்டாம் ரோஜர் இறந்த பிறகு பிறந்த மகள். அவர் மணந்திருந்தது ஜெர்மானிய ஹோஹென்ஸ்டாஃபன் வம்சத்து ஹென்றியை. தீவின் பிரபுக்கள் ஜெர்மானியர் வேண்டாம் என்று வேறு ஒருவருக்கு முடிசூட்டினார்கள். அது நான்கைந்து ஆண்டு ஓடியது. 1194 கிறிஸ்துமஸ் அன்று ஹென்றி பலெர்மோவில் மகுடம் சூடினார். மறுநாள் இத்தாலியின் யேசி என்ற ஊரில் கான்ஸ்டன்ஸ் ஒரு மகனைப் பெற்றார். அவருக்கு அப்போது நாற்பது வயது. பிள்ளை தன்னுடையதுதானா என்று யாரும் சந்தேகப்படக் கூடாதென்று சந்தைவெளியில் கூடாரம் அடித்து ஊர்ப் பெண்கள் பார்க்கப் பெற்றெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. வம்சம் மாறும் இடத்தில் ஒரு பெண் நிற்பதைப் பட்டியல் காட்டாது. அங்கே ஹென்றியின் பெயர்தான் முன்னால் இருக்கும். மகுடம் வந்ததோ கான்ஸ்டன்ஸின் வழியாக.

அந்தப் பிள்ளைதான் ஃப்ரெடரிக். நான்கு வயது நிறைவதற்குள் தாயும் தந்தையும் போய்விட, அரசன் என்ற பெயரோடு பலெர்மோவில் வளர்ந்தார். சிசிலிக் கணக்கில் முதலாம் ஃப்ரெடரிக், 1220இல் பேரரசர் ஆனதும் அங்கே இரண்டாம் ஃப்ரெடரிக். 1224இல் நேப்பிள்ஸில் பல்கலைக்கழகம் தொடங்கினார். 1231இல் நாட்டுக்கு ஒரே சட்டத் தொகுப்பு கொடுத்தார். வேட்டைப் பருந்துகளை வளர்ப்பது பற்றித் தானே நூல் எழுதினார். அவர் அவையில் இருந்த ஜாகோமோ தா லென்டினிதான் சானெட் என்ற பதினான்கு வரிப் பாவடிவை உருவாக்கியவர். சிலுவைப் போருக்குப் போய், எகிப்திய சுல்தான் அல்-காமிலுடன் பேசி, 1229இல் சண்டையில்லாமல் ஜெருசலேமைப் பெற்றார். அதே மனிதர்தான் கலகம் செய்த சிசிலி முஸ்லிம்களைப் பெயர்த்தெடுத்து நிலப்பகுதியில் லுசேரா என்ற ஊரில் குடியமர்த்தினார். நான்கு எழுத்துக் கல்லறையின் உலகம் அதோடு குலைந்தது. அரசரும் பலெர்மோவை விட்டு நிலப்பகுதியிலேயே அதிகம் தங்கத் தொடங்கினார்.

1250இல் அவர் இறந்ததும் போப்புகள் இந்த வம்சத்தையே ஒழிக்க ஆள் தேடினார்கள். பிரெஞ்சு அரசரின் தம்பி ஆஞ்சூ சார்லஸ் கிடைத்தார். 1266இல் ஃப்ரெடரிக்கின் மகன் மான்ஃப்ரெட் போர்க்களத்தில் மாண்டார். 1268இல் பேரன் கான்ராடின், பதினாறு வயதுப் பையன், நேப்பிள்ஸ் சந்தை மைதானத்தில் தலை வெட்டப்பட்டான். சார்லஸ் தலைநகரை நேப்பிள்ஸுக்கு மாற்றினார். கான்ஸ்டான்டினோபிளைப் பிடிக்கும் தன் கனவுக்காகச் சிசிலியை வரியால் பிழிந்தார்.

1282 மார்ச் 30, ஈஸ்டருக்கு மறுநாள். பலெர்மோவுக்கு வெளியே பரிசுத்த ஆவி தேவாலயத்தில் மாலை வழிபாட்டுக்கு மக்கள் கூடியிருந்தார்கள். ஒரு பிரெஞ்சு வீரன் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான். கூட்டத்தில் ஒருவன் கத்தியை உருவினான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களை 'சீசிரி' என்று சொல்லச் சொன்னார்களாம். கொண்டைக்கடலைக்குச் சிசிலிச் சொல் அது. நாக்கு புரளாதவன் பிழைக்கவில்லை என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கலகம் சில வாரங்களில் தீவெங்கும் பரவி, மெசினா துறைமுகத்தில் சார்லஸின் கப்பற்படையை எரித்தது. சிசிலிய வெஸ்பர்ஸ், அதாவது மாலை வழிபாட்டுக் கிளர்ச்சி, என்று வரலாறு சொல்வது இதைத்தான்.

தீவு மக்கள் அரகான் அரசர் பீட்டரை அழைத்தார்கள். ஏன் ஸ்பெயின் கரையில் இருக்கும் ஒருவரை? அவர் மனைவி மான்ஃப்ரெடின் மகள். அவர் பெயரும் கான்ஸ்டன்ஸ். ரோஜரின் ரத்தம் இரண்டாம் முறையும் ஒரு கான்ஸ்டன்ஸ் வழியாகவே மகுடத்துக்குத் திரும்பியது. இருபது ஆண்டு போருக்குப் பிறகு 1302இல் கால்டபெல்லோட்டா என்ற மலையூரில் சமாதானம் ஆனது. தீவு அரகான் வம்சத்துக்கு, நிலப்பகுதி ஆஞ்சூ வம்சத்துக்கு.

இங்கேதான் அவள் கேள்விக்கு விடை. நாடு இரண்டானது, பெயரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நேப்பிள்ஸில் இருந்தவர் தன்னைச் சிசிலி அரசர் என்றே எழுதிக்கொண்டார், அந்தத் தீவில் அவருக்கு ஒரு காணி நிலம்கூட இல்லாதபோதும். தீவில் இருந்தவருக்கு ஒப்பந்தம் கொடுத்த பட்டம் திரினாக்ரியா அரசர். தீவின் மூன்று முனைகளைக் குறிக்கும் பழைய பெயர் அது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எழுத்தர்கள் ஒரு வழி கண்டார்கள். மெசினா நீரிணையின் முனையில் ஃபாரோ என்ற கலங்கரை விளக்கம் இருந்தது. விளக்கத்துக்கு இப்பால் உள்ள சிசிலி, அப்பால் உள்ள சிசிலி. அப்படித்தான் ஒரு தீவு இரண்டு சிசிலி ஆனது. 1442இல் அரகானின் அல்ஃபோன்சோ நேப்பிள்ஸையும் பிடித்தபோது, 'இரு சிசிலிகளின் அரசர்' என்ற பட்டம் எழுத்தில் ஏறியது.

எண் குழப்பமும் இதே காலத்தது. 1296இல் தீவின் அரசரான அரகான் ஃப்ரெடரிக் சிசிலிக் கணக்குப்படி இரண்டாமவர். அவரோ மூன்றாம் ஃப்ரெடரிக் என்று தன்னை அழைத்துக்கொண்டார், பேரரசரான முன்னோரை இரண்டாமவராக எண்ணி. நூல்கள் ஒன்று இப்படி எழுதும், இன்னொன்று அப்படி எழுதும். மனிதர் ஒருவர்தான்.

அதன் பிறகு வேகமாகப் போகலாம். அரகான் கிளை தீவிலேயே வாழ்ந்தது. ஆனால் பிரபுக்களின் உட்பகை அரசரை விழுங்கியது. 1347 அக்டோபரில் ஜெனோவா கப்பல்கள் மெசினாவில் கொள்ளைநோயை இறக்கின. ஐரோப்பாவை உலுக்கிய கறுப்புச் சாவு மேற்கே நுழைந்த வாசல்களில் அது ஒன்று. கடைசி வாரிசு மரியா என்ற சிறுமி. அவளை அரகான் இளவரசர் மார்ட்டினுக்கு மணமுடித்தார்கள். 1409இல் மார்ட்டின் பிள்ளையின்றி இறக்க, அவருடைய தந்தை, அவர் பெயரும் மார்ட்டின், மகனுக்கு வாரிசானார். அவரும் மறு ஆண்டே போனார். 1412இல் காஸ்டிலின் திராஸ்தமரா வம்சத்து ஃபெர்டினாண்டிடம் எல்லாம் சேர்ந்தது. அன்றிலிருந்து சிசிலியை ஆண்டவர்கள் வைஸ்ராய்கள். அரசர் கடலுக்கு அப்பால். அங்கே எழுதிய ஆணை இங்கே வாழ்க்கையை மாற்றியது. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபோது, சிசிலி யூதர்களும் தங்கள் ஊர்களை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அன்னாவின் கல்லில் மேலே இருந்த எழுத்தைப் படிக்கப் பலெர்மோவில் ஆள் இல்லாமல் போனது.

1516இல் ஹாப்ஸ்பர்க் வம்சம். பேரரசர் சார்லஸ் 1535இல் துனிஸைப் பிடித்துத் திரும்பும் வழியில் தீவுக்கு வந்தார். அடுத்து ஓர் அரசர் சிசிலியில் கால் வைத்தது 1713இல், சவாய் வம்சத்து விக்டர் அமடேயஸ். இடையில் 178 ஆண்டுகள். அவரும் ஓராண்டு போலத் தங்கிவிட்டுக் கிளம்பினார். 1720இல் வல்லரசுகள் மேசையில் உட்கார்ந்து, சிசிலியை ஆஸ்திரியாவுக்குக் கொடுத்துவிட்டு அவருக்குச் சார்டினியாவைக் கொடுத்தன. ஒரு தீவுக்கு இன்னொரு தீவு, பண்டமாற்று. 1734–35இல் போர்பன் வம்சத்து சார்லஸ் வந்தார். அவரும் பலெர்மோவில் முடிசூட்டிக்கொண்டு நேப்பிள்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மகன் ஃபெர்டினாண்ட் நேப்பிள்ஸில் நான்காமவர், சிசிலியில் மூன்றாமவர். நெப்போலியன் படை நேப்பிள்ஸைப் பிடித்ததும் 1806இல் பலெர்மோவுக்கு ஓடிவந்தார். பிரிட்டிஷ் கப்பற்படைதான் அவருக்குக் காவல். 1811இல் அங்கே பிரிட்டிஷ் தூதராகவும் படைத்தலைவராகவும் வந்தவரின் பெயர் நமக்குத் தெரிந்த பெயர்: வில்லியம் பென்டிங்க். சென்னை மாகாண ஆளுநராக இருந்து, 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு திருப்பி அழைக்கப்பட்ட அதே பென்டிங்க். பின்னாளில் தலைமை ஆளுநராக 1829இல் சதியைத் தடைசெய்தவரும் அவர்தான். அவர் கொடுத்த அழுத்தத்தில் 1812இல் சிசிலிக்கு ஓர் அரசியலமைப்பு வந்தது. பிரபுக்களின் நிலமானிய உரிமைகள் ஒழிந்தன, இரண்டு அவைகளோடு நாடாளுமன்றம் அமைந்தது.

"வேலூர்ல சிப்பாய்ங்க தலைப்பாகைய மாத்தின ஆளு, அங்க போய் அரசியலமைப்பு குடுத்தாரா?" அவளுக்கு நம்பவே முடியவில்லை. தலைப்பாகை ஆணை படைத் தளபதியுடையது. ஆளுநர் என்ற முறையில் பொறுப்பு இவர் மீதும் விழுந்தது. ஒரே மனிதர் இரண்டு கடல்களின் வரலாற்றில் வருவது உண்டு.

நெப்போலியன் வீழ்ந்ததும் ஃபெர்டினாண்ட் நேப்பிள்ஸுக்குத் திரும்பினார். 1816 டிசம்பரில் இரண்டு மகுடத்தையும் ஒன்றாக்கி, இரு சிசிலிகளின் அரசு என்று பெயர் வைத்தார். அதில் அவர் முதலாம் ஃபெர்டினாண்ட். 1812 அரசியலமைப்பு போயிற்று. 1130இல் ரோஜர் சூடிய தனி மகுடம் 686 ஆண்டுக்குப் பிறகு மறைந்தது. பாடநூலில் அவள் பார்த்த பெயர் இந்த அரசுடையது. அதன் ஆயுள் வெறும் நாற்பத்து நான்கு ஆண்டு. பலெர்மோ அதை ஏற்கவில்லை. 1848 ஜனவரி 12இல் எழுந்தது. அந்த ஆண்டு ஐரோப்பாவெங்கும் பற்றிய புரட்சிகளில் அதுவே முதல். அடக்கிய அரசர் மெசினாவைக் குண்டு வீசித் தகர்த்து 'குண்டு ராஜா' என்று பெயர் எடுத்தார். 1860 மே 11இல், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி ஏறத்தாழ ஆயிரம் பேரோடு தீவின் மர்சாலாவில் இறங்கினார். வென்ற நாட்டை அவர் ஒப்படைத்தது சவாய் வம்சத்து விக்டர் இம்மானுவேலிடம். 1720இல் தீவை மாற்றிக்கொண்டு போன அதே வம்சம், 140 ஆண்டு கழித்து இத்தாலியின் அரச குடும்பமாகத் திரும்பி வந்தது.

டம்ளர்கள் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. நோட்டில் இன்னொரு கட்டம் போடச் சொன்னேன்: 'எங்கே வாழ்ந்தார்?' அவளே நிரப்பினாள். இரண்டாம் ரோஜர், பலெர்மோ. முதல் இரண்டு வில்லியம்களும் பலெர்மோ. ஃப்ரெடரிக் பாதி. பிறகு நேப்பிள்ஸ். அரகான் கிளை சிசிலி. பிறகு ஸ்பெயின், டூரின், வியன்னா, மீண்டும் நேப்பிள்ஸ். தீவில் இருந்தவர்கள் எல்லாரும் நன்றாக ஆண்டார்கள் என்று இந்தக் கட்டம் சொல்லவில்லை, அரகான் கிளையே அதற்குச் சாட்சி. ஆனால் அரசர் தொலைவில் இருந்த நூற்றாண்டுகளில் இந்தத் தீவை எழுதிக்கொடுத்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், கடைசியில் அதன் மகுடத்தையே கரைத்தார்கள். 1282இலும் 1848இலும் பலெர்மோ எழுந்ததற்குக் கோபம் பல. அடியில் இருந்த கோரிக்கை ஒன்றுதான்: எங்களைப் பற்றி முடிவெடுப்பவர் எங்கள் நடுவில் இருக்க வேண்டும்.

கடைசியாக அவள் ரோஜரின் வரிக்குப் பக்கத்தில், ஓரத்து வெற்றிடத்தில், சிறிய எழுத்தில் ஏதோ சேர்த்தாள். எட்டிப் பார்த்தேன். 'அன்னா. 1148, 6656, 543, 4908.'